கேட்டுத்தான் ஏற வேண்டும்

சில மாதங்களுக்கு முன் கொலம்பஸில் நண்பர் ஒருவர் வீட்டில் கூடியிருந்தோம். மாதம் ஒருமுறை எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சிறுகதை வாசித்துப் பேசுவது வழக்கம். அன்று கதை முடிந்து காபி வந்தபோது புதிதாக வந்திருந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: “விமானிகள் எந்தக் கம்பெனி விமானத்திலும் ஓசியில் ஏறிக்கொள்ளலாமாமே, உண்மையா?” அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. ஆனாலும் ‘ஓசி’ என்ற சொல் எனக்குள் எங்கோ இடித்தது. “ஏறலாம். ஆனால் கேட்டுத்தான் ஏற வேண்டும்” என்றேன். “கேட்டால் கொடுத்துவிடுவார்கள்தானே?” என்றார். “பெரும்பாலும்” என்றேன். பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது. அந்தப் ‘பெரும்பாலும்’ மட்டும் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னோடு வந்தது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா வந்தவன். வார இறுதிகளில் பொழுதுபோக்காகப் பறக்கக் கற்று, அது பித்தாகி, 2006இல் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுச் சிறிய விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாகச் சேர்ந்தேன். முதலாண்டுச் சம்பளத்தைச் சொன்னபோது மனைவி அதை மாதச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டாள். வீடு கொலம்பஸில். வேலை தொடங்கும் இடம் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையம். அமெரிக்க விமானிகளில் ஏராளமானோர் வாழ்க்கை இப்படித்தான். வசிக்கும் ஊர் ஒன்று, பணியைத் தொடங்கும் ஊர் வேறொன்று. நிறுவனம் இந்த இடைவெளிக்குப் பொறுப்பேற்பதில்லை. வேலைக்கு வந்து சேர்வது விமானியின் பாடு. இதற்குக் கம்யூட்டிங் என்று பெயர். இந்த இடைவெளியைக் கடக்க எங்களுக்கு வாய்த்த தோணிதான் ஜம்ப் சீட்.

விமானி அறையில் இரு விமானிகளுக்கும் பின்னால் இருக்கும் மடக்கு இருக்கை அது. அரசின் ஆய்வாளரோ நிறுவனத்தின் பயிற்சியாளரோ உட்கார்ந்து கவனிப்பதற்காக வைத்தது. அவர்கள் வராத நாட்களில் காலியாகக் கிடக்கும். போயிங் 737இல் அதை இழுத்து விரித்தால் கதவுக்குக் குறுக்கே வந்து வழியை அடைத்துக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் கதவு, முழங்காலுக்கு முன்னால் கருவிகளின் மேடை, இருபுறமும் தோள்பட்டை வரை இரண்டு மனிதர்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு நம்முடையதா என்று சந்தேகம் வரும். அமெரிக்க நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒருவர் விமானிகளை மற்றவர் கட்டணமின்றி ஏற்றிச் செல்கின்றன. பயணிகள் பகுதியில் இடம் மிஞ்சினால் அங்கே உட்காரச் சொல்வார்கள். மிஞ்சாவிட்டால் இந்த மடக்கு இருக்கை.

இதற்கான மரியாதைகளை எந்த ஒப்பந்தமும் முழுதாக எழுதி வைக்கவில்லை. மூத்தவர்கள் சொல்லி இளையவர்கள் கற்பது. முன்னதாகவே வாயிலுக்குப் போக வேண்டும். அங்கிருக்கும் ஊழியர் பயணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிற்க வேண்டும். மேசையில் சாய்ந்து நிற்கக் கூடாது. நிறுவன அடையாள அட்டை, விமானி உரிமம், மருத்துவச் சான்று மூன்றையும் கேட்குமுன் எடுத்து வைத்திருக்க வேண்டும். அவர் கணினியில் நம் விவரங்களைத் தட்டுவார். நம் நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து நம் முகம் திரையில் வரும். முகமும் முகமும் ஒத்துப்போனால் ஒரு சீட்டுக் கிடைக்கும். அந்த விமானத்தின் சொந்த நிறுவன விமானி ஒருவர் கடைசி நிமிடத்தில் ஓடி வந்தால் இருக்கை அவருக்குப் போய்விடும். முகம் சுளிக்கக் கூடாது.

சீட்டு கையில் வந்தபின்தான் முக்கியமான சடங்கு. விமானத்தின் வாசலில் நிற்கும் பணிப்பெண்ணிடம் அனுமதி கேட்டு, காக்பிட் கதவருகே போக வேண்டும். உள்ளே சரிபார்ப்புப் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தால் குறுக்கிடாமல் நிற்க வேண்டும். கேப்டன் திரும்பிப் பார்க்கும்போது பெயர், நிறுவனம் சொல்லி, அட்டைகளை நீட்டி, “உங்களோடு வர அனுமதி உண்டா, கேப்டன்?” என்று கேட்க வேண்டும். பயணிகள் பகுதியில் இருபது இடம் காலியாகக் கிடந்தாலும் கேட்க வேண்டும். பதில் என்னவென்று இருவருக்கும் தெரியும். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை “தாராளமாக, வாருங்கள்” என்பார். ஆனால் கேட்டாக வேண்டும்.

உள்ளே உட்கார்ந்தபின் பத்தாயிரம் அடிக்குக் கீழே வாய் திறக்கக் கூடாது. வேலைக்குத் தேவையற்ற பேச்சை அந்த உயரத்துக்குக் கீழே 1981 முதலே விதி தடுக்கிறது. வந்தவருக்கும் அது பொருந்தும். காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு நாமும் கேட்க வேண்டும், ஜன்னல் வழியே நாமும் பார்க்க வேண்டும். அவர்கள் ஓட்டும் விதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூடாது. ஆனால் ஆபத்து ஏதும் கண்ணில் பட்டால் சொல்லாமல் இருக்கக் கூடாது. விருந்தாளி, கூடவே மூன்றாவது ஜோடிக் கண்கள். இறங்கும்போது மறுபடி கதவருகே நின்று நன்றி சொல்ல வேண்டும். பலர் பணிப்பெண்களுக்கு ஒரு சாக்லேட் பொட்டலம் வாங்கி வருவார்கள். அது கட்டாயமில்லை, ஆனால் மறக்க மாட்டார்கள்.

இந்தக் கேள்வியின் எடையை நான் அறிந்துகொண்டது 2008 டிசம்பரில்.

அம்மா போனபின் அப்பா தனியாகத் திருச்சி பொன்மலையில் இருந்தார். அந்த ஆண்டு கோடையில் எங்களிடம் வந்து ஆறு மாதம் தங்கியிருந்தார். சனிக்கிழமை காலை ஆறரை மணி விமானத்தில் நியூவார்க் வழியாக ஊர் திரும்புவதாக ஏற்பாடு. என் நான்கு நாள் வேலை வெள்ளிக்கிழமை மாலை ஓஹேரில் முடிந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. கொலம்பஸ் போகும் முதல் விமானம் ரத்தானது. அடுத்ததில் இடமே இல்லை. ஜம்ப் சீட்டை அந்த நிறுவனத்து விமானி எடுத்துக்கொண்டார். கடைசி விமானம் வேறொரு நிறுவனத்துடையது, வேறொரு கட்டடத்தில். பையை இழுத்துக்கொண்டு ஓடினேன். வாயில் ஊழியர் கணினியைப் பார்த்து, என்னைப் பார்த்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். “பதினெட்டாம் வரிசையில் ஓர் இடம் இருக்கிறது, ஓடுங்கள்” என்றார்.

காக்பிட் கதவு திறந்திருந்தது. இரண்டு தலைகளும் குனிந்திருந்தன. இறக்கைகளில் உறைந்த பனியைக் கரைக்கும் வண்டியைப் பற்றி யாரோடோ ரேடியோவில் விவாதித்துக்கொண்டிருந்தார் கேப்டன். நான் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சீட்டு கையில் இருக்கிறது, இடமும் காலி, அவர்களும் வேலையாக இருக்கிறார்கள், இறங்கும்போது நன்றி சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பதினெட்டாம் வரிசைக்குப் போய்ப் பட்டையை மாட்டினேன். உடம்பில் வெப்பம் பரவியது. அப்பாவுக்குப் பிடித்த ரவா உப்புமாவை அதிகாலையில் நானே கிண்ட வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

ஐந்து நிமிடம் கழித்து நடைவழியில் கேப்டனே வந்தார். நரைத்த தலை, அவசரமில்லாத நடை. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“ஜம்ப் சீட்டில் வருபவர் நீங்கள்தானா?”

“ஆமாம், கேப்டன்.”

“நாம் இன்னும் சந்திக்கவில்லையே.”

“நீங்கள் வேலையாக இருந்தீர்கள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று…”

“வேலை முடியும்வரை நின்றிருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.”

அத்தனை பயணிகளும் பார்க்கச் சீருடையோடு பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். பாலத்தில் குளிர்காற்று அடித்தது. அவர் குரலில் கோபம் இல்லை. “என் விமானத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு விமானி இருந்தார். நாளைக்கு அவர் விமானியாக இல்லாமலும் இருக்கலாம். இதை நான் ஒருமுறை விட்டால் பிறகு எப்போதும் விட வேண்டியிருக்கும்” என்றார். மறுக்கப்பட்டவர் வாதிடக் கூடாது என்பதும் மரியாதைகளில் ஒன்று. அப்பாவைப் பற்றி நான் சொல்லவில்லை.

திரும்பிப் போக இரண்டடி வைத்தவர் நின்றார். “இரவு எங்கே தங்குவீர்கள்?” என்று கேட்டார். விமானிகள் ஓய்வறை நாற்காலியில் என்றேன். என் கையிலிருந்த சீட்டை வாங்கி அதன் பின்புறத்தில் ஒரு முகவரியும் கதவைத் திறக்கும் நான்கு இலக்க எண்ணும் எழுதினார். ஓஹேருக்குப் பக்கத்தில் விமானிகள் ஆறேழு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீடு. “ஜன்னலோரக் கட்டில் என்னுடையது. இன்று காலி” என்றார். கதவு சாத்தப்பட்டது.

அன்றிரவு என்னை விமானத்திலிருந்து இறக்கியவரின் கட்டிலில் படுத்துக்கொண்டு வீட்டுக்குத் தொலைபேசினேன். அப்பா எடுத்தார்.

“சீட்டு குடுத்துட்டு ஏத்த மாட்டேன்னுட்டானா?”

“சீட்டு இருந்தாலும் கேப்டன்கிட்ட கேட்டுத்தான் ஏறணும்ப்பா.”

“கேட்டியா?”

“இல்லப்பா.”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்பச் சரிதான், தம்பி. அந்த மனுசன் செஞ்சது சரி” என்றார்.

அப்பா ரயில்வேயில் சரக்கு வண்டி கார்டாக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவர். சரக்கு ரயிலின் கடைசியில் தனியாக ஆடிக்கொண்டு போகுமே ஒரு சிறு பெட்டி, அந்தப் பிரேக் வேன்தான் அவர் அலுவலகம். கொடிகளும் கைவிளக்கும் இரும்புப் பெட்டியும் ஒரு மண் கூஜாவும் அவரது உடைமைகள். அரியலூரிலோ விருத்தாசலத்திலோ வண்டி நிற்கும்போது, வேலை முடிந்து வீடு திரும்பும் ரயில்வேக்காரர்கள் இருட்டில் வந்து நிற்பார்கள். “கார்டு சார், வரலாங்களா?” கேட்டவரை அப்பா ஏற்றாமல் விட்டதில்லை. தன் சோற்றில் பாதியைக் கொடுத்ததும் உண்டு. கேட்காமல் படியில் தொற்றிக்கொண்டவரை, தனக்கு மேலதிகாரியாகவே இருந்தாலும், இறக்கிவிட்டுத்தான் பச்சை விளக்கைக் காட்டுவார். சிறுவயதில் அது வீம்பாகத் தெரிந்தது. “வண்டி சர்க்காரோடது. ஆனா ராத்திரி அந்தப் பெட்டியில யார் இருக்காங்கன்னு தெரிஞ்சிருக்க வேண்டியது நான்” என்பார். முப்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு கண்டத்தில் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் ஏறக்குறைய அதையே சொன்னார்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு நான் கொலம்பஸில் இறங்கினேன். அப்பாவின் விமானம் ஒன்றேமுக்கால் மணி நேரம் முன்பு கிளம்பியிருந்தது. 2009 ஆடி மாதத்தில் பொன்மலை ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். அதற்கிடையில் நான் ஊருக்குப் போகவில்லை. ஆக, அந்த வாரம் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று “பாத்துப் போ” என்று அவர் சொன்னதுதான் கடைசி. இதற்காக அந்தக் கேப்டனை ஒருநாளும் நொந்துகொண்டதில்லை. அப்பாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு எடை என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்வேன். 1994 ஏப்ரல் 7 அன்று மெம்பிஸிலிருந்து சான் ஹோசேக்குக் கிளம்பிய ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்தில், ஜம்ப் சீட் சலுகையில் ஒருவர் ஏறினார். அதே நிறுவனத்தின் விமானப் பொறியாளர். கிட்டார் உறையில் சுத்தியல்களும் மீன் வேட்டை ஈட்டித் துப்பாக்கியும் கொண்டுவந்திருந்தார். ஒழுங்கு விசாரணையை எதிர்நோக்கியிருந்தவர். விபத்துப் போலக் காட்டி விமானத்தை வீழ்த்தினால் குடும்பத்துக்குக் காப்பீட்டுப் பணம் வரும் என்பது கணக்கு. மூன்று விமானிகளின் மண்டையையும் உடைத்தார். துணை விமானி ஜேம்ஸ் டக்கர், தாக்குபவர் நிலைகுலையும்படி அந்தப் பெரிய டிசி-10 விமானத்தை ஏறக்குறையத் தலைகீழாகக் கவிழ்த்தார். கேப்டன் டேவிட் சாண்டர்ஸும் பொறியாளர் ஆண்ட்ரூ பீட்டர்சனும் ரத்தம் வழியப் போராடினார்கள். விமானம் பத்திரமாக மெம்பிஸுக்குத் திரும்பியது. மூவரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் மூவருமே அதன்பின் விமானிகளாகப் பணிக்குத் திரும்ப இயலவில்லை.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பிற நிறுவன விமானிகளுக்குக் காக்பிட் கதவு மூடப்பட்டது. நான் மேலே சொன்ன, முகத்தைத் திரையில் காட்டும் கணினி முறை வந்த பின்தான் மறுபடி திறந்தது. கணினி ஒன்றைத்தான் சொல்லும்: இந்த முகம் இன்னும் அந்த நிறுவனத்தில் வேலையில் இருக்கிறது. முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. அதைப் பார்க்கத்தான் கதவருகே அந்த அரை நிமிடம். இறுதி அதிகாரம் கேப்டனுடையது என்று விதி சொல்வதும் அதனால்தான்.

அந்த அதிகாரத்தை வஞ்சம் தீர்க்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1983இல் கான்டினென்டல், 1985இல் யுனைடெட், 1989இல் ஈஸ்டர்ன் என்று பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. அவற்றில் கருங்காலிகளாக உள்ளே போனவர்களின் பெயர்ப் பட்டியலைப் பல கேப்டன்கள் பல்லாண்டுகள் பையில் வைத்திருந்தார்கள். பெயர் பட்டியலில் இருந்தால் ஜம்ப் சீட் கிடையாது. தலைமுடி நரைத்த ஒருவர் மூன்று வாயில்களில் மறுக்கப்பட்டு நான்காவதை நோக்கி நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். நியாயம் எந்தப் பக்கம் என்பது வேறு விஷயம். அந்த நடையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இருக்கையின் இன்னொரு பக்கமும் உண்டு. 2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கு தானாகவே கீழே இறங்கத் தொடங்கியது. வால் சிறகை இயக்கும் மின்சாரத்தைத் துண்டித்து, கையால் சக்கரத்தைச் சுற்றி, விமானிகள் அதை ஜகார்த்தா கொண்டுவந்து சேர்த்தனர். அன்று ஜம்ப் சீட்டில் பணியில் இல்லாத மூன்றாவது விமானி ஒருவர் இருந்தார். கோளாறை அடையாளம் காண அவர் உதவினார் என்று பின்னர் செய்திகள் வந்தன. மறுநாள் காலை அதே விமானம் வேறு இரு விமானிகளோடு கிளம்பியது. அன்று பின்னால் யாரும் இல்லை. ஜாவா கடலில் விழுந்து 189 பேரும் இறந்தனர். அந்த மடக்கு இருக்கையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டு நாட்களும் எனக்கு நினைவுக்கு வரும்.

இனி, நான் எழுதத் தயங்கியதை எழுத வேண்டும்.

2023 அக்டோபர் 22 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற ஹொரைசன் ஏர் விமானத்தில், அதன் சகோதர நிறுவனமான அலாஸ்கா ஏர்லைன்ஸின் விமானி ஒருவர் ஜம்ப் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கேட்டு ஏறியவர். சாதாரணமாகப் பேசிக்கொண்டும் வந்தவர். திடீரென்று எழும்பி, எஞ்சின் தீயை அணைக்கும் இரண்டு சிவப்புக் கைப்பிடிகளைப் பற்றி இழுக்க முயன்றார். முழுதாக இழுத்திருந்தால் எரிபொருள் நின்று இரு எஞ்சின்களும் அணைந்திருக்கும். விமானிகள் அவர் கைகளைப் பிடித்துத் தடுத்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்டவர்களோடு விமானம் போர்ட்லண்டில் இறங்கியது. நண்பனின் மரணத்துக்குப் பின் நீண்ட மனச்சோர்வில் இருந்தவர், அதற்கு இரண்டு நாள் முன்பு போதைக் காளான் உண்டிருந்தார், கனவுக்கும் நனவுக்கும் வித்தியாசம் தெரியாத நிலையில் இருந்தார் என்றெல்லாம் பின்னர் வெளிவந்தது. மருத்துவரிடம் போனால் பறக்கும் உரிமை போய்விடுமோ என்ற பயமும் இருந்ததாம். அந்தப் பயம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சில மனச்சோர்வு மருந்துகளை 2010 முதல் அனுமதித்தபோதும் பயம் போகவில்லை.

அது நடந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். நான் அப்போது பெரிய நிறுவனம் ஒன்றில் கேப்டன். டென்வரில் இரவு விமானம். பயணிகள் பகுதி நிறைந்துவிட்டது. கதவருகே ஓர் இளைஞர் வந்து நின்றார். சிறிய நிறுவனம் ஒன்றின் துணை விமானி. நாங்கள் பட்டியல் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பெயர் சொன்னார், அட்டைகளை நீட்டினார், கேட்க வேண்டிய விதத்தில் கேட்டார். ஒரு பிழை இல்லை. ஆனால் கண்கள் சிவந்திருந்தன. மருத்துவச் சான்றை நீட்டிய விரல்கள் நடுங்கின.

“எல்லாம் நலம்தானே?” என்று கேட்டேன்.

“நலம்தான், கேப்டன். தூக்கம் போதவில்லை. வேறொன்றுமில்லை.”

என் துணை விமானி அந்தப் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கருவிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சிவப்புக் கைப்பிடிகளும் நடு மேடையில், ஜம்ப் சீட்டில் உட்கார்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றை ஆயிரக்கணக்கான மணி நேரம் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அவை எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று தெரிந்தது.

“மன்னிக்க வேண்டும். இன்று முடியாது” என்றேன்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. “புரிகிறது, கேப்டன். நன்றி” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பாலத்தில் நடந்து மறைந்தார். நான் இருக்கையில் திரும்பி அடுத்த பட்டியலை எடுத்தேன்.

முப்பத்தாறாயிரம் அடியில் வானம் தெளிவாக இருந்தது. நெடுநேரம் பேசாமலிருந்த துணை விமானி, “அவர் இன்றிரவு எங்கே தங்குவார்?” என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டும்தான். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுத்தது சரியா தவறா என்று பலமுறை எனக்குள் வாதிட்டிருக்கிறேன். அன்று காலியாக வந்த அந்த இருக்கை, வெறும் தூக்கமற்ற ஒரு தகப்பனை அவன் குழந்தையிடம் சேர்த்திருக்கலாம். அல்லது வேறு ஏதாவது நடந்திருக்கலாம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பின்னால் இருக்க, சந்தேகம் வந்தபின் ஏற்றிக்கொள்ளும் துணிச்சல் எனக்கு இல்லை. இன்றும் அப்படித்தான் செய்வேன் என்று நினைக்கிறேன். அது என்னை உறுத்தவில்லை. உறுத்துவது அதற்கடுத்த நிமிடம். நடுங்கும் கைகளைப் பார்த்துத்தான் வேண்டாம் என்றேன். அப்படியென்றால் அந்தக் கைகள் ஏன் நடுங்கின என்று நான் ஒருமுறை பாலத்தில் இறங்கிப் போய்க் கேட்டிருக்க வேண்டும். விமானிகளின் மனக்கஷ்டங்களுக்கு விமானிகளே காதுகொடுக்கும் தொலைபேசி உதவி இருக்கிறது. அந்த எண்ணை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு நல்ல படுக்கைக்காவது வழி சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் தாமதமாகியிருக்கும். என்னை இறக்கிவிட்ட மனிதர், பனிப்புயலுக்கும் தாமதத்துக்கும் நடுவே, அந்த இரண்டு நிமிடத்தை எனக்காகச் செலவிட்டார். அவர் சொன்ன ‘இல்லை’யைப் பதினைந்து ஆண்டுகள் பாடமாகச் சுமந்தவன், அதன் முற்பாதியை மட்டும்தான் கற்றிருந்தேன்.

இறங்கியவுடன் டென்வர் வாயிலுக்குத் தொலைபேசினேன். யாரும் எடுக்கவில்லை. அந்த இளைஞரின் பெயரைச் சில நொடிகள் பார்த்ததோடு சரி. நினைவில் நிற்கவில்லை.

எவரெட் விமானத்தின் அந்த விமானி 2025இல் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். ஏற்கெனவே சிறையில் கழித்த நாட்களைக் கணக்கில் கொண்டு, மேலும் சிறையில் அடைக்காமல் கண்காணிப்பில் விட்டது கூட்டாட்சி நீதிமன்றம். விமானிகள் மனநலத்தைப் பற்றி வெளியே சொல்வதற்குள்ள தடைகளை ஆராய அரசு அமைத்த குழு 2024 ஏப்ரலில் பரிந்துரைகளை அளித்தது. விதிகள் மெல்ல மாறும். காக்பிட் கதவருகே நிற்கும் அரை நிமிடம் மாறப்போவதில்லை.

இப்போது என் சட்டைப் பையில் ஒரு சிறிய அட்டை இருக்கிறது. அதில் அந்த உதவி எண்ணும் என் எண்ணும் எழுதியிருக்கிறேன். இதுவரை மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன். மூவரையும் ஏற்றிக்கொண்டுதான் கொடுத்தேன். அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். ஒருவர் ஏதும் பேசாமல் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.

சென்ற வாரம் வேலை முடிந்து வீடு திரும்ப வேறொரு நிறுவனத்தின் விமானத்துக்குப் போனேன். பயணிகள் பகுதியில் பாதி காலி. கேப்டனுக்கு என்னைவிட இருபது வயது குறைவாக இருக்கும். பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பையைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அட்டைகளைக் கையில் பிடித்தபடி, கதவருகே நின்றேன். பணிப்பெண், “இடம் நிறைய இருக்கிறதே, போய் உட்காருங்கள்” என்றார். “கேட்டுவிட்டு வருகிறேன்” என்றேன்.